யோனிப் பூஞ்சைத் தொற்று: பாலியல் தொழிலில் உள்ள பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வரக்கூடிய யோனிப் பூஞ்சைத் தொற்று பால்வினை நோயாகக் கருதப்படுவதில்லை. பெரும்பாலும் உடலிலேயே இயல்பாக வாழும் கேண்டிடா என்னும் பூஞ்சை அளவு மீறிப் பெருகுவதால்தான் அது உண்டாகிறது. ஆயினும் பாலியல் தொழிலாளி ஒருவர் அரிப்பு என்று சொன்னதுமே, பரிசோதிக்காமல், தொழிலால் வந்த நோய் என்று முடிவுகட்டும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தவறு முதலில் அங்கே திருந்த வேண்டும்.

வெள்ளைப்படுதல் எல்லாம் பூஞ்சை என்று எண்ணுவது இதற்கு நேர் எதிரான தவறு. தயிர்த் திப்பிபோல் கெட்டியாக, அதிக நாற்றமின்றி, கடும் அரிப்போடு வருவது பூஞ்சையாக இருக்கலாம். மீன் நாற்றத்துடன் சாம்பல் நிறத்தில் நீர்த்து வந்தால் பாக்டீரியாப் பெருக்கத்தையும், மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் தொற்றையும் ஐயுற வேண்டும். பூஞ்சை மருந்து இவ்விரண்டையும் குணப்படுத்தாது. கொனோரியா, கிளமிடியா என்னும் பால்வினை நோய்கள் பல பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இருப்பதால், அரிப்பு அடங்கிவிட்டது என்பதற்காகப் பால்வினை நோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் யோனியின் உட்புறத்தைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவும் பழக்கம், தூய்மை என்னும் நல்லெண்ணத்தில் பிறந்தாலும், கெடுதலே செய்கிறது. அங்கு வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அமில கார அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்துக் காக்கின்றன. அவற்றைக் கழுவி அகற்றினால் பிற தொற்றுகளுக்கு வழி திறக்கும். பூஞ்சையால் ஏற்கெனவே புண்ணான தோலும் மேலும் எரியும். வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினால் போதும். முன்னெச்சரிக்கையாகத் தாமே வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் இந்தக் காவல் பாக்டீரியாக்களை அழித்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கின்றன.

இத்தொழிலில் உள்ளோருக்குப் பெரும்பாலும் எவரும் எடுத்துச் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு. யோனியில் வைக்கும் பூஞ்சை மாத்திரைகளும் களிம்புகளும் பல எண்ணெய் கலந்தவை. அவை லேடெக்ஸ் ஆணுறையை நலியச் செய்து கிழிய விடலாம். சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்கச் சொல்வது எளிது, அன்றன்றைய வருமானத்தை நம்பி வாழ்பவருக்கு அது எளிதன்று. அவர் தம் நிலையை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால், வாய்வழியாக ஒரே வேளை உட்கொள்ளும் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சை மருந்தைப் பரிந்துரைக்க முடியும். கர்ப்பமாக இருப்பவர் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதால், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நானாக்சினால்-9 என்னும் விந்துக்கொல்லி தடவிய ஆணுறைகள் அடிக்கடி பயன்படுத்துவோரின் யோனித்தோலைப் புண்ணாக்கி எச்ஐவி அபாயத்தைக் கூட்டுவதால், அவற்றையும் ஒதுக்குவது நல்லது.

ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ தொற்று திரும்பினால், பழைய மருந்துச் சீட்டையே மீண்டும் நீட்டாமல், சர்க்கரை அளவையும் எச்ஐவி நிலையையும் சோதித்து, வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத வேறு வகைக் கேண்டிடாவா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.