கீழ்ச் செட்டுக்கு எந்தப் பூட்டு?

மேல் பல் செட்டை அண்ணம் பிடித்துக்கொள்ளும். கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஒடுங்கிய ஈறுதான் அதற்கு ஆதாரம். நாக்கோ ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் சிறு உலோகத் திருகு) வைத்து, அவற்றில் செட்டைப் பூட்டுகிறார்கள். பல் முழுவதும் போன கீழ்த்தாடைக்கு முதல் தெரிவு இதுவே என்று 2002இல் மொன்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் கூறினார்கள். இம்ப்ளான்ட் வைப்பது வைத்தியரின் வேலை. எந்தப் பூட்டு என்பதில் உங்களுக்கும் ஒரு சொல் உண்டு. ஹட்டனில் செட் கட்டுகிறவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

முதலில் கையைப் பாருங்கள். கொழுந்து பறித்தே காலம் போன பல அம்மாமாருக்கு விரல் மூட்டுகள் மடங்குவதில்லை. இறுகப் பிடிக்கும் பூட்டைக் கொடுத்தால் இரவில் செட்டைக் கழற்ற முடியாமல் அப்படியே படுத்துவிடுவார்கள், ஈறு புண்ணாகும்.

இப்போது அதிகம் கேட்கப்படுவது லொக்கேட்டர். சட்டையில் அழுத்திப் பூட்டும் பட்டன் போன்றது. உயரம் குறைவு; இம்ப்ளான்ட் இரண்டும் சற்றுச் சாய்ந்திருந்தாலும் சமாளிக்கும். செட்டின் உட்புறத்தில் இருக்கும் நைலோன் துண்டின் நிறத்தைப் பொறுத்துப் பிடி மாறும்: வழக்கமான வரிசையில் நீலம் சுமார் ஒன்றரை இறாத்தல், இளஞ்சிவப்பு மூன்று, நிறமற்றது ஐந்து. நீலத்தில் தொடங்குங்கள், போதாவிட்டால் ஏற்றலாம். வெற்றிலை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்ப்ளான்டின் மேல் வாயில் தெரியும் உலோகத் தலையின் நடுவில் ஒரு குழி உண்டு. பாக்குத் துகள் அதில் இறுகிப்போனால் செட் முழுதாக அமராது. "பூட்டுத் தேய்ந்துவிட்டது" என்று வருகிற சிலருக்கு, நான் அந்தக் குழியை மென்மையான பிரஷ்ஷால் துலக்கிக் காட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.

பந்துப் பூட்டு பழைய, எளிய ஏற்பாடு. இம்ப்ளான்டின் தலையில் இருக்கும் உருண்டையைச் செட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கவ்வும். அந்த வளையம் தேய்ந்தால் சில நிமிடங்களில் மாற்றலாம். ஆனால் உயரம் கூடுதலாக வேண்டும். இம்ப்ளான்ட் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் வளையம் விரைவில் தேயும்.

கம்பிப் பூட்டு, அதாவது இரண்டு இம்ப்ளான்டையும் ஒரு கம்பியால் இணைத்து அதில் கிளிப்பை மாட்டுவது, நன்றாகப் பிடிக்கும். இம்ப்ளான்ட் மிகவும் கோணலாக இருக்கும்போது கைகொடுக்கும். செலவும் அதிகம், இடமும் அதிகம்: ஈறிலிருந்து செட்டுப் பல்லின் நுனிவரை 12 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் மெலிந்து வெடிக்கும். கம்பிக்கு அடியில் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் ஈறு வீங்கி மேலே வளரும். வயதானவரிடம் அந்த வேலையை எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காந்தப் பூட்டு பலம் குறைந்தது. கை நடுங்குகிறவர்களுக்கு அந்தக் குறையே வசதி. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் மறக்காமல் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, தேயும் துண்டை யார், எங்கே மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். எந்தப் பூட்டானாலும் ஏதோ ஒன்று தேயத்தான் செய்யும். தோட்டத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்துக் கண்டிக்கோ பேராதனைக்கோ போக ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ மாற்ற முடிகிற பூட்டு, பிடி சற்றுக் குறைந்தாலும் மேல். இம்ப்ளான்டின் கம்பனிப் பெயரையும் பூட்டின் வகையையும் அளவையும் ஒரு அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒரு கம்பனியின் துண்டு இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

செட்டைக் கடித்து அமர்த்தக் கூடாது, துண்டு நசுங்கும். இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்கள். வாங்கும் நாளில், வைத்தியரின் முன்னாலேயே அம்மா தன் கையால் போட்டுக் கழற்றிக் காட்டட்டும். கூட வந்த மகள் உதவினால் கணக்கில்லை. திணறினால் அங்கேயே மென்மையான துண்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.