வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது எந்த நாணயத்தை அழுத்துவது?

வெளிநாட்டுக் கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அந்த ஊர் நாணயத்தில், மற்றொன்று நம் கார்டின் நாணயத்தில். பழகிய நாணயம் என்பதால் கை தானாக இரண்டாவதை நோக்கிப் போகும். அங்கேதான் பணம் கூடுதலாகப் போகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர். இதில் நாணயத்தை மாற்றுவது விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியும் அதோடு சேர்ந்த நிறுவனமும்தான். நாணய மாற்று விகிதத்திலேயே தங்கள் லாபத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் கடைக்கும் அதில் ஒரு பங்கு போகும். கடைக்காரர் ஏன் இவ்வளவு அக்கறையாக "உங்கள் நாணயத்திலேயே போட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

படி 1: திரை உங்கள் பக்கம் இருக்கட்டும்

மெஷினைக் கையில் வாங்குங்கள். டிசிசி கட்டாயமில்லை என்று சொல்ல வேண்டும், இரண்டு தொகைகளையும் விகிதத்தையும் காட்ட வேண்டும், தேர்வை வாடிக்கையாளரிடம் விட வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி. ஊழியர் தாமே அழுத்திவிடுவது விதிமீறல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நடக்கும் கார்டு பரிமாற்றங்களுக்கு 2020 ஏப்ரல் 19 முதல் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதையும் காட்டியாக வேண்டும். எல்லா நாடுகளிலும் இதைக் கொண்டுவரலாம் என்பது என் ஆசை.

படி 2: வகுத்துப் பாருங்கள்

நம் நாணயத் தொகையை அந்த ஊர்த் தொகையால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 50-க்கு 4,725 என்று காட்டினால் விகிதம் 94.5. அதே நாளில் விசாவின் விகிதம் 90 என்றால், உங்களிடம் 5 சதவீதம் அதிகம் கேட்கிறார்கள். "கமிஷன் இல்லை" என்று திரையில் எழுதியிருந்தாலும் கணக்கு இதுதான்.

ஒப்பிடுவதற்கு விசா, மாஸ்டர்கார்டு தளங்களில் இருக்கும் கரன்சி கால்குலேட்டரையே பயன்படுத்துங்கள். தேடுபொறி காட்டும் விகிதம் சந்தையின் நடு விகிதம். அது கார்டுக்குக் கிடைக்காது. கால்குலேட்டரில் வங்கிக் கட்டணம் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் உங்கள் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு எடுக்கும் சதவீதத்தைப் போடுங்கள்.

படி 3: அந்த ஊர் நாணயத்தை அழுத்துங்கள்

கடையில் இது சுலபம். ஏடிஎம்மில்தான் குழப்பம். "அக்செப்ட் கன்வர்ஷன்", "டிக்ளைன் கன்வர்ஷன்" என்று இரண்டு பொத்தான்கள் வரும். டிக்ளைன் என்றால் பணமே வராது என்று பயந்து பலர் அக்செப்ட்டை அழுத்திவிடுகிறார்கள். அப்படியில்லை. மாற்றத்தைத்தான் மறுக்கிறோம், பணத்தை அல்ல. தைரியமாக டிக்ளைன் கொடுங்கள், நோட்டு வரும். சில மெஷின்கள் "நிச்சயமா?" என்று இன்னொரு முறையும் கேட்கும், அப்போதும் டிக்ளைன்தான்.

இணையக் கடைகளிலும் இது உண்டு. பணம் கட்டும் பக்கத்தில் நம் நாணயம் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: ஸ்லிப்பைப் படிக்காமல் நகராதீர்கள்

ஒரு ஹோட்டலில் என்னிடம் கேட்காமலேயே டிசிசி போட்டார்கள். மெஷின் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் ஸ்லிப்பின் அடியில், பொடி எழுத்தில், "நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எனக்குத் தரப்பட்டது, இது என் இறுதி முடிவு" என்று அச்சாகியிருந்தது! கையெழுத்துப் போட்டால் நாமே ஒப்புக்கொண்ட மாதிரி.

இப்படி நடந்தால் அங்கேயே நின்று, "இதை வாய்டு செய்து, உள்ளூர் நாணயத்தில் மறுபடி போடுங்கள்" என்று கேளுங்கள். "நாளைக்கு ரீஃபண்ட் போடுகிறோம்" என்றால் சம்மதிக்காதீர்கள். வாய்டு என்றால் அன்றைய கணக்கு முடிவதற்குள் பரிமாற்றத்தையே ரத்து செய்வது. ரீஃபண்ட் தனிப் பரிமாற்றம்; அதைப் போடும் நாளின் விகிதத்தில் திரும்பும்போது போட்டதைவிடக் குறைவாக வரலாம். நான் வாய்டுதான் வேண்டும் என்று நின்றேன். மேலாளர் வந்தார், சரியானது.

வாய்டு செய்ய அவர்கள் மறுத்துவிட்டால், பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை அடித்துவிட்டு "தேர்வு தரப்படவில்லை" என்று ஸ்லிப்பிலேயே எழுதி, போட்டோ எடுத்துவையுங்கள்.

பிற்சேர்க்கை (கருத்துகளில் வந்த கேள்விகளுக்காக)

"டிசிசியில் போட்டால் என் வங்கியின் வெளிநாட்டுக் கட்டணமாவது மிச்சமாகுமே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள். கடை வெளிநாட்டில் இருந்தாலே, நம் நாணயத்தில் கட்டினாலும் கட்டணம் எடுக்கும் வங்கிகள் உண்டு. அப்போது இரண்டு பக்கமும் அடி. கார்டின் கட்டணப் பட்டியலில் இதற்குத் தனி வரி இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள்.

"ஊர் திரும்பிய பிறகுதான் பார்த்தேன்" என்பவர்கள் வங்கியில் டிஸ்பியூட், அதாவது அந்தப் பரிமாற்றத்தை எதிர்த்துப் புகார், போடலாம். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதினால் வாடிக்கையாளர் சேவையில் சுற்றிக்கொண்டே இருக்கும். டிசிசி பற்றிச் சொல்லவில்லை, அல்லது உள்ளூர் நாணயம் கேட்டும் மறுத்தார்கள் என்று குறிப்பாக எழுதுங்கள். விசா என்றால் டிஸ்பியூட்டின் காரண எண் 12.3, மாஸ்டர்கார்டு என்றால் 4834 என்றும் சேருங்கள். ஸ்லிப் போட்டோவை இணையுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் ஸ்டேட்மெண்ட் வந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.