ரூல் புக்கை மூடிவைத்துவிட்டு டி அண்ட் டி ஆட வைப்பது எப்படி

கேரம் போர்டைச் சுற்றி வளர்ந்த பசங்களிடம் டி அண்ட் டி, அதாவது டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டராக மாறி டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம், அதன் பெட்டியைக் காட்டினால் முதலில் வருகிற கேள்வி, "இதுல யாரு ஜெயிப்பா?" என்பதுதான். ராயபுரமோ தண்டையார்பேட்டையோ, எந்தத் தெருவாக இருந்தாலும் இதேதான். பதில் சின்னது: ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, கதையை நடத்துகிற டன்ஜியன் மாஸ்டர், அதாவது டிஎம், அவரும் எதிரி இல்லை. அதற்கு மேல் விளக்காதீர்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ஆட்டம், இத்தனை வகை இனம், இத்தனை வகை மந்திரம் என்று நீங்கள் ஆரம்பித்தால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருத்தர் டைஸை உருட்டியிருக்க வேண்டும், நான் வைத்திருக்கிற ஒரே கணக்கு அதுதான்.

எந்தப் பெட்டி வாங்குவது? கிடைத்தால் 2022-ல் வந்த ஸ்டார்ட்டர் செட், 'டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல்' கதை உள்ளது. ஃபைட்டர் (சண்டைக்காரன்), பாலடின் (புனித வீரன்), கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி), ரோக் (திருட்டுக் கில்லாடி), விஸார்ட் (மந்திரவாதி) என்று ஐந்து கேரக்டர்கள் தயாராக எழுதியே இருக்கும், 32 பக்க ரூல் புக், 48 பக்கக் கதை, ஆறு டைஸ். 2014 பெட்டியும் நல்ல பெட்டிதான், ஆனால் அதன் முதல் சண்டையிலேயே கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் ஒளிந்திருந்து அம்பு விடும், புதுசாக வந்தவர்கள் அங்கேயே சுருண்டுவிடுவார்கள். 2019-ன் எசென்ஷியல்ஸ் கிட்டில் 11 டைஸ் உண்டு, ஆனால் கேரக்டரை நாமே உருவாக்க வேண்டும், முதல் சாயங்காலம் அதிலேயே போய்விடும். பெட்டிக்குக் காசு இல்லையென்றால் அடிப்படை விதிகள் இணையத்தில் அதிகாரபூர்வமாகவே இலவசம், டைஸுக்கு போனில் ஆப் போதும்.

வீட்டில் இடம் இல்லை என்றுதான் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போவார்கள். கடல் காற்றில் கேரக்டர் ஷீட் (அவரவர் கேரக்டரின் பலம், ஆயுதமெல்லாம் எழுதிய தாள்) பறக்கும், ஆளுக்கொரு அட்டையும் கிளிப்பும் கொடுத்துவிடுங்கள். டைஸ் உருட்ட கேரம் போர்டை விட நல்ல இடம் கிடையாது, மேலே ஒரு துண்டை விரித்துவிட்டால் போர்டும் கீறாது, விளிம்பு இருப்பதால் டைஸ் தெறித்துப் போய் மழைநீர்க் குழாயில் விழவும் விழாது. அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வைத்திருந்தால் முதல் சண்டை முடிந்த பிறகு எடுங்கள், எண்ணெய்க் கை பட்ட ஷீட்டில் பென்சில் எழுதாது. நாலு பேர் போதும். ஆறு பேர் என்றால் தன் முறை வருவதற்குள் ஒருத்தன் தூங்கிவிடுவான்.

பெட்டியில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ், அதைப் படித்துக் காட்டவே காட்டாதீர்கள். முந்தின நாளே நீங்கள் படித்துவிட்டு, உங்கள் வாயால் உங்கள் பேச்சில் சொல்லுங்கள். இந்தக் கதை ஒரு தீவின் கரையில் ஆரம்பிக்கிறது, கடலில் மூழ்கிச் செத்த மாலுமிகள் ஜோம்பியாக எழுந்து வருகிறார்கள். காசிமேட்டுப் பசங்களுக்குக் கடலை யாரும் வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை.

"தண்ணிக்குள்ளேருந்து ஆளுங்க எழுந்து வரானுங்க, உடம்பெல்லாம் பாசி, கழுத்துல கிழிஞ்ச வலை. நீ இன்னா பண்ற?"

"அண்ணா, நம்ம வந்த போட்டுல துடுப்பு இருக்கும்ல? அதால மண்டையில போடட்டுமா?"

ஷீட்டில் வாள் இருக்கிறதே என்று இங்கே சொல்லிவிட்டால் ஆட்டம் செத்தது. "போடு" என்று சொல்லி இருபது முக டைஸைக் கையில் கொடுங்கள். 9 விழுகிறது, அவன் கேரக்டரின் பலத்துக்கு ஷீட்டில் +3 இருக்கிறது, மொத்தம் 12. ஜோம்பியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், வெறும் 8, அதனால் அடி பட்டுவிட்டது. கையில் கிடைத்ததை வைத்து அடித்தால் சேதத்துக்கு நாலு முக டைஸ், அதோடும் அந்த 3-ஐக் கூட்டிக்கொள்ளலாம். விதி என்று அவனுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: இருபது முக டைஸ், அதோடு ஒரு எண், அது இலக்கைத் தொட்டதா இல்லையா. மீதியெல்லாம் தேவைப்படும்போது தானாக வரும்.

புதியவர்களுக்கு ஜோம்பி நல்ல எதிரி என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நடை மெது, அடிப்பதும் சுலபம், ஆனால் 22 ஹிட் பாயின்ட் (உயிர்க் கணக்கு, அடி பட்டால் குறையும்) இருப்பதால் சட்டென்று சாகாது. அது பூஜ்யத்துக்கு வந்தபின் நீங்கள் ஒரு முறை டைஸ் உருட்ட வேண்டும், தேறிவிட்டால் 1 ஹிட் பாயின்ட்டோடு நின்றுவிடும். "விழுந்துட்டான்..." என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தி, "திரும்ப எழுந்துக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள், மாடி முழுக்கக் கத்துவார்கள். இருபதே விழுந்த அடியிலோ ரேடியன்ட் (தெய்வீக ஒளி) சேதத்திலோ விழுந்தால் மட்டும் எழ முடியாது.

யாராவது ஒருத்தரின் ஹிட் பாயின்ட் பூஜ்யமாகும், "செத்துட்டேனா?" என்று முகம் வாடும். சாகவில்லை, மயக்கம்தான். தன் முறை வரும்போதெல்லாம் இருபது முக டைஸை உருட்ட வேண்டும், 10-ம் அதற்கு மேலும் நல்லது, மூன்று நல்லது வந்தால் பிழைப்பான், மூன்று கெட்டது வந்தால்தான் போவான். நடுவில் கிளெரிக் ஓடிவந்து குணப்படுத்தலாம், அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த கிளெரிக்குக்கும் அப்போதுதான் ஆட்டம் பிடிக்கும்.

கூச்சப்படுகிறவரை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள், "என் ஆள் கதவுக்குப் பின்னாடி போறான்" என்று சொன்னாலே போதும். அதே நேரம் வாயாடி ஒருத்தன் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பான், அவனை நிறுத்திவிட்டு மற்றவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விதி தெரியாத இடம் வந்தால் அந்த நிமிஷத்துக்கு நியாயமாகப் படுவதைச் சொல்லிவிட்டு நகருங்கள், புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், எல்லோரும் இன்னும் ஆடலாம் என்று சொன்னாலும் சரி. ஷீட்டில் மீதி ஹிட் பாயின்ட்டைப் பென்சிலால் எழுத வைத்து, எல்லா ஷீட்டையும் நீங்களே வாங்கிப் பெட்டியில் போடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோன ஷீட் அடுத்த ஞாயிறு திரும்பி வராது.