சிறிய கவுன்டியின் இடைநிலைக் குடும்ப வருமானம்: ஆண்டுகளை ஒப்பிடும் முறை

அமெரிக்காவில் 65,000-க்குக் குறைவானோர் வாழும் கிராமப்புறக் கவுன்டிக்கு (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பின் வழக்கமான ஓராண்டு மதிப்பீடு கிடைக்காது, ஐந்தாண்டுத் தொகுப்புதான். அதில் இடைநிலைக் குடும்ப வருமானத்தை (ஒரே வீட்டில் வாழ்வோரின் மொத்த வருமானத்தின் நடு அளவு) தரும் அட்டவணை பி19013-ஐ எடுங்கள். 2014–18-ஐ 2015–19 உடன் ஒப்பிட வேண்டாம், நான்கு ஆண்டுத் தரவு இரண்டிலும் ஒன்றே. 2010–14, 2015–19 என ஆண்டுகள் கலக்காத தொகுப்புகளே சரி. முன்னது 2014 டாலரில் இருக்கும். விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு 2019 டாலருக்கு மாற்றுங்கள். அதன் பிழை வரம்பையும் (மதிப்பீடு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதனுடன் தரப்படும் ± எண்) அதே விகிதத்தில் மாற்றுங்கள்.

பலரும் விட்டுவிடுவது இந்தப் பிழை வரம்பைத்தான். இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் காணுங்கள். வருமான வித்தியாசம் அதைவிடச் சிறிதென்றால், 90% நம்பிக்கை மட்டத்தில் உயர்வு என்று சொல்ல முடியாது.

ஆண்டுவாரி எண் வேண்டுமா? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனமான சென்சஸ் பீரோவின் எஸ்ஏஐபிஇ (சிறு பகுதிகளின் வருமான, வறுமை மதிப்பீடு) உண்டு. 2005-இல் அதன் அடிப்படைக் கணக்கெடுப்பு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களைப் பிந்தையவற்றுடன் ஒரே கோட்டில் இணைக்காதீர்கள்.