மார்ஷல் தாக்குதலைப் பலகையில் பயில்வது எப்படி?

கூர்மையான தொடக்கம் கொண்ட சதுரங்க ஆட்டத்தை வெறுமனே நகர்த்திப் பார்த்தால் வியப்பு வருமே தவிர, ஆட்டம் கைவராது. 1918-இல் நியூயார்க் போட்டியில் காப்பபிளாங்கா வெள்ளையிலும் ஃபிராங்க் மார்ஷல் கறுப்பிலும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியை அணைத்துவிட்டு, காய்களை அடுக்கி, தாக்குதலுக்கு ஆளாகும் வெள்ளையின் பக்கம் அமருங்கள். தற்காப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் இவ்வகை ஆட்டம் முழுமையாகப் புலப்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரூய் லோபஸ் என்னும் தொடக்கத்தின் முதல் ஏழு நகர்வுகளை விரைவாகக் கடந்துவிடலாம். எட்டாவதில் மார்ஷல் சிப்பாயை டி5-க்குத் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) தள்ளி, ஈ5 சிப்பாயைப் பலியாகத் தருகிறார்; இதுவே மார்ஷல் தாக்குதல். பன்னிரண்டாவது நகர்வு முடிந்ததும் நிறுத்தி, அதற்கு ஈடாகக் கறுப்புக்குக் கிடைத்தது என்ன என்று தாளில் எழுதுங்கள். வெள்ளையின் ராணிப் பக்கத்து யானை (ரூக்), குதிரை, மந்திரி (பிஷப்) மூன்றும் புறப்பட்ட கட்டத்திலேயே நிற்கின்றன. கறுப்பின் மந்திரியோ டி6-இலிருந்து வெள்ளை ராஜாவின் பக்கம் குறிவைத்துவிட்டது.

பதினைந்தாவது நகர்வில் கறுப்புக் குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டும் இடத்தில் அரை மணி நேரமாவது தங்குங்கள். ராணியால் அக்குதிரையை வெட்டலாமே என்றுதான் முதலில் தோன்றும். அப்போது கறுப்பு அவசரப்பட்டு மந்திரியை ஜி3-க்குக் கொண்டுவந்தால், வெள்ளை ராணி எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக் சொல்லும். அந்த ராணியை யானை வெட்டினால், ஈ8-இல் வெள்ளை யானை மேட் செய்யும். பி3-இல் நிற்கும் மந்திரி கறுப்பு யானையைக் கட்டிப்போட்டிருப்பதால் அது குறுக்கே வர முடியாது. ஆகவே கறுப்பு முதலில் மந்திரியால் எச்2-இல் செக் சொல்ல வேண்டும். ராஜா அதை வெட்டினால் ராணி காவலின்றிப் பறிபோகும்; ராஜா எஃப்1-க்கு ஒதுங்கிய பின் மந்திரி ஜி3-க்குத் திரும்பினால், எஃப்7-இல் ராணியை வெட்டும் யானையே இம்முறை ராஜாவுக்குச் செக் ஆகிறது. ராஜா ஒரு கட்டம் நகர்ந்ததில் முடிவே தலைகீழாகிறது.

காப்பபிளாங்கா குதிரையைத் தொடாமல் யானையை ஈ2-க்கு நகர்த்தினார். பிறகு அந்த யானையையே விட்டுக்கொடுத்து, ராஜாவை நடத்திச் சென்று 24-ஆவது நகர்வில் சி2-இல் சேர்த்து, பி சிப்பாயை முன்னேற்றி 36 நகர்வுகளில் வென்றார்.

இனிப் பலகையைத் திருப்புங்கள். பதினோராவது நகர்வில் குதிரையை எஃப்6-க்குப் பின்வாங்குவதற்குப் பதிலாக, இன்று வழக்கமாக ஆடப்படும் சி6 சிப்பாய் நகர்வை வைத்து, அதே கேள்விகளைக் கறுப்பின் பக்கமிருந்து கேட்டுப் பாருங்கள்.