சனிக்கிழமை மூன்றரை மணி: ஜெர்மனிக்கு வந்த கொங்குக்காரர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கமிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்கள் முதலில் மிரள்வது சனிக்கிழமை மதிய ரயிலில்தான். பெட்டி முழுக்கக் கழுத்தில் மப்ளர் போட்ட கூட்டம், கையில் பீர், தொண்டை கிழியப் பாட்டு. பயப்பட ஒன்றுமில்லைங்க. எல்லாம் கால்பந்து ரசிகர்கள்தான். ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீகான புண்டஸ்லிகாவின் ஆட்டங்களில் பாதிக்கு மேல் சனிக்கிழமை 3.30-க்குத் தொடங்கும், நம்மூரில் அது கோடையில் இரவு 7, குளிர்காலத்தில் 8. மதியம் 1 முதல் 3 வரையும், ஆட்டம் முடியும் 5.20-க்குப் பிறகு ஒரு மணி நேரமும் மைதானப் பக்கம் போகும் ரயிலில் பெட்டி படுக்கையோடு ஏறாதீர்கள். ஞாயிறு கடை அடைப்பு என்பதால் மளிகையைச் சனி காலையிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

எந்த அணி? குடியிருக்கும் ஊர் அணிதான். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி ஐ-லீக் என்ற இந்தியக் கால்பந்து லீகின் பட்டம் வென்ற அணிக்குப் பெயர் சென்னை சிட்டி; நாமும் கைதட்டினோம். இங்கே அந்தக் கதை நடக்காது. பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது '50+1' விதி. கோயில் நோம்பிக்கு வரி கொடுப்பதுபோல் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். அதனால்தான் அவ்வளவு உரிமை. ஸ்டுட்கார்ட் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு "நான் பயர்ன்" என்று மியூனிக் அணியின் பேரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். டார்ட்மண்டில் நீலமும் வெள்ளையும் சேர்ந்த சட்டை போட்டால் பரம எதிரியான ஷால்க அணியின் ரசிகர் என்று நினைப்பார்கள், அது இன்னும் மோசம்.

டிக்கெட்டில்தான் பலர் காசை விடுகிறார்கள். பெரிய கிளப்புகளில் முதலில் உறுப்பினர்களுக்கு விற்று, மிச்சமே பொதுவில் வரும். கிடைக்காவிட்டால் கிளப்பின் சொந்த மறுவிற்பனைத் தளத்தைப் பாருங்கள். வேறெங்கும் இரட்டை விலைக்கு வாங்கினால் வாசலில் ஸ்கேன் ஆகாமல் திரும்ப நேரிடும். எங்கள் யோசனை, முதல் ஆட்டத்தை நான்காம், ஐந்தாம் நிலை லீகில் பாருங்கள். வாசலிலேயே சீட்டு, கூட்டமும் நெருக்காது, ஆட்டம் கைக்கெட்டும் தூரத்தில். புண்டஸ்லிகா டிக்கெட் பலவற்றில் அன்றைய உள்ளூர் ரயில், பஸ் பயணமும் அடக்கம். சீட்டில் அச்சிட்டிருப்பார்கள், படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நின்று பார்க்கும் பகுதி மலிவு. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு கேலரியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நிற்பார்கள். ஒரு மணி நேரம் முன்பே போகாவிட்டால் கொடிக்குப் பின்னால்தான் இடம், பந்தே தெரியாது. சின்னக் குழந்தையோடும், ஊரிலிருந்து வந்த ஒறம்பரையோடும் போகிறவர்கள் உட்காரும் இடமே எடுங்கள். அல்ட்ராஸ் எனும் தீவிர ரசிகர்களை போனில் படம் பிடிக்காதீர்கள். அது அவர்களுக்கு அறவே பிடிக்காது. பொதுவாக ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். தம்ளருக்கு முன்பணம் உண்டு, திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும். சாசேஜ் பெரும்பாலும் பன்றிக்கறி. சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் பிரெட்செல் எனும் முறுக்கு வடிவ ரொட்டியும்தான் கதி. கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் ஆட்டக்காரரின் முதல் பெயரைச் சொல்வார், குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தும். இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டு போனாலே பக்கத்தில் நிற்பவர் நண்பராகிவிடுவார்.

ஆபீஸில் ஸ்கோர் கணிக்கும் போட்டி நடந்தால் சேர்ந்துவிடுங்கள். சரியான ஸ்கோருக்கு 4, கோல் வித்தியாசத்துக்கு 3, வெற்றி தோல்விக்கு 2 என்பது வழக்கமான கணக்கு. ஆட்டம் தொடங்குமுன் பதியாவிட்டால் பூஜ்யம்.

பிள்ளைகளைச் சேர்க்க நினைத்தால் வீட்டுப் பக்கத்துக் கிளப்புக்கு மெயில் போட்டு, ஓரிரு இலவசப் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். கணைக்கால் தடுப்பும் (ஷின் கார்ட்) ஸ்டட் வைத்த ஷூவும் போதும். சின்ன வயதுப் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலே கிடையாது, "ஜெயிச்சயா கண்ணு?" என்று கேட்டுப் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த, 10 வயது நிரம்பிய பிள்ளை போட்டியில் ஆட தனி அனுமதி வேண்டியிருக்கும்; பாஸ்போர்ட் நகல், வீட்டு முகவரிப் பதிவுத் தாள், பெற்றோர் வேலை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள், சில வாரம் ஆகும். அதுவரை பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கிளப்பில் கேளுங்கள். பெற்றோர் முறைவைத்துக் கேக் சுட்டுவர வேண்டும்; வடை கொண்டுபோனாலும் காலியாகிவிடும். ஊர் மாறும்போது மட்டும் கவனம்: பல கிளப்புகளில் அரையாண்டு அல்லது ஆண்டு முடிவுக்குத்தான் விலக முடியும், கெடுவுக்குள் எழுத்தில் கொடுக்காவிட்டால் சந்தா பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.