ஒன்ராறியோவில் போக்குவரத்து டிக்கெட் வாங்கிவிட்டால்: தண்டம் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

இலங்கையில் வாகனம் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தண்டச் சீட்டின் நடைமுறை தெரியும். அங்கே நெடுங்காலமாகப் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தபாலகத்தில் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் அது திரும்பக் கிடைத்தது. அதனால் யாரும் மறந்ததில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அனுமதிப்பத்திரம் உங்கள் பணப்பையிலேயே இருக்கும், டிக்கெட் என்ற தண்டச் சீட்டு மட்டும் கைக்கு வரும். வாகனத்துக்குள் எங்காவது செருகி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். புதிதாக வந்த பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

டிக்கெட் கிடைத்த நாளிலிருந்து பதில் சொல்ல 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: பணத்தைக் கட்டுவது, வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசக் கேட்பது, அல்லது விசாரணை கேட்பது. எதையும் செய்யாவிட்டால், நீங்கள் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று பதிந்துவிடுவார்கள். பணத்தைக் கட்டினாலும் அதுதான் நடக்கும். கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. 'கட்டிவிட்டேன், விஷயம் முடிந்தது' என்று நினைப்பவர்களுக்கு அடுத்த வருடம் கூடிய கட்டணத்தோடு காப்புறுதிப் பத்திரம் வரும்போதுதான் புரியும்.

டிக்கெட்டில் உள்ள தொகையைப் பாருங்கள். நிறுத்தற் குறியில் நிற்காமல் போனதற்கு 110 டொலர் என்று இருக்கும். அதில் உண்மையான தண்டம் 85. நீதிமன்றச் செலவு 5. மீதி 20 டொலர், குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்குப் போகும் மேலதிகக் கட்டணம். தண்டம் கூடக் கூட இதுவும் கூடும். 1,000 டொலருக்கு மேல் போனால் நாலில் ஒரு பங்கு. காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டினால், முதல் தடவைக்கே மிகக் குறைந்த தண்டம் 5,000 டொலர். மேலதிகக் கட்டணத்தோடு 6,250 ஆகிவிடும். மாதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று காப்புறுதியை நிறுத்திவிட்டு ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், டிமெரிட் புள்ளி (தவறுக்காகச் சாரதியின் பதிவில் சேரும் புள்ளி) உள்ள எந்த டிக்கெட்டையும் உடனே கட்ட வேண்டாம், வழக்குத்தொடுநரைச் சந்திக்கக் கேளுங்கள் என்பேன். பெரும்பாலும் தொலைபேசியிலோ காணொளியிலோதான் பேசுவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வேக வரம்புக்கு மேல் 29 கிலோமீட்டர் என்ற டிக்கெட்டுக்குத் தண்டத்தோடு 3 புள்ளிகளும். அதை 15 ஆகக் குறைத்துத் தந்தால் தண்டமும் குறையும், புள்ளியும் இல்லை. ஏனென்றால் 16 கிலோமீட்டரிலிருந்துதான் புள்ளி தொடங்குகிறது. ஆனால் புள்ளி இல்லாவிட்டாலும் உங்கள் சாரதிப் பதிவில் அந்தக் குற்றம் இருக்கும். காப்புறுதி நிறுவனங்கள் பார்ப்பது புள்ளியை அல்ல, பதிவைத்தான். 'புள்ளி இல்லாமல் எடுத்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பரலீகல் (சட்டத்தரணி அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பிரதிநிதி) ஒருவரை அமர்த்துவதானால், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊர்க்காரர், தெரிந்தவர் என்பது தகுதி ஆகாது.

விசாரணைக்குப் போவதென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கோரிக்கைப் படிவத்திலேயே அதற்கு இடம் உண்டு, செலவு நீதிமன்றத்துடையது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் மொழிபெயர்க்க வைக்கத் தேவையில்லை. குறித்த நாளில் போகாமல் மட்டும் விடாதீர்கள். போகாவிட்டால் அன்றே தீர்ப்பாகிவிடும்.

அடுத்தது முகவரி. அறிவித்தல்கள் எல்லாம் தபாலில், அனுமதிப்பத்திரத்தில் உள்ள முகவரிக்கு வரும். புதிதாக வந்தவர்கள் முதல் இரண்டு மூன்று வருடங்களில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட், பிறகு மார்க்கம், பிறகு ஏஜக்ஸ் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். முகவரி மாறினால் 6 நாளுக்குள் மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாற்றாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்காரரின் மேசையில் கிடக்கும். கட்டாத தண்டத்துக்காக அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருக்கும், அது தெரியாமல் நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இடைநிறுத்தப்பட்ட நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 1,000 முதல் 5,000 டொலர் வரை தண்டம். 110 டொலரில் முடிந்திருக்க வேண்டியது! கட்டாத தண்டம் வசூல் நிறுவனத்துக்குப் போகலாம். இலக்கத் தகட்டைப் புதுப்பிக்கவும் முடியாது. வருடங்கள் கடந்தால் காலாவதியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், இந்தக் கடன் காலாவதியாவதில்லை.

உங்கள் தவறின்றி, அறிவித்தல் வராமல் தீர்ப்பாகியிருந்தால் வழி உண்டு. தெரியவந்த 15 நாளுக்குள் நீதிமன்ற அலுவலகத்தில் சத்தியக் கூற்றுடன் மனுக் கொடுத்து வழக்கை மீண்டும் திறக்கக் கேட்கலாம்.

பணம் இல்லையா? ஒளியாதீர்கள். தண்டம் கட்டக் கூடுதல் அவகாசம் கேட்க ஒரு படிவம் இருக்கிறது. வேலை, வருமானம், வாடகை, எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை எழுதி, எவ்வளவு காலம் வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். சமாதான நீதவான் முடிவு செய்வார். கெடு முடிவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இதுவரை சொன்னவை மாகாணச் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றால் குற்றவியல் பதிவு ஏற்படாது. குடித்துவிட்டு ஓட்டுவது அப்படியல்ல. அது குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது. முதல் தடவைக்குக் குறைந்தது 1,000 டொலர் தண்டம். தண்டம் அங்கே சின்ன விஷயம். 2018 டிசம்பரிலிருந்து அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 10 வருடம்; அதனால் குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாகப் பார்க்கிறது. நீதிமன்றம் தண்டத்தோடு விட்டாலும், நிரந்தர வதிவுரிமை உள்ளவரே அதை இழக்க நேரலாம். குற்றவியல் நீதிமன்றத்தில் இலவசமாக உதவும் கடமைச் சட்டத்தரணி இருப்பார். அவரிடம் உங்கள் குடிவரவு நிலையை முதலில் சொல்லுங்கள். 'ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்' என்ற எண்ணம் வந்தால், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் வாய் திறக்க வேண்டாம்.

கட்டுவது என்று முடிவானால் இணையத்திலோ தபாலிலோ நேரிலோ கட்டலாம். எந்த நகரசபையில் கட்டுவது என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். அதிலுள்ள குற்ற இலக்கத்தைப் பிழையின்றிப் பதியுங்கள். கைபேசிக்கு வரும் 'தண்டம் நிலுவையில் உள்ளது, இந்த இணைப்பை அழுத்துங்கள்' என்ற குறுஞ்செய்தியை அழித்துவிடுங்கள். பற்றுச்சீட்டைச் சில வருடங்களுக்காவது வைத்திருங்கள்.